ஐம்பதுக்குப் பிறகு ஓவிய வகுப்பும் வீட்டு பேக்கிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் படித்து வெளியூர் போனபின் கையில் நேரம் கிடைத்தவர்கள், பள்ளியில் விட்ட ஓவியத்தை மறுபடி எடுக்கிறார்கள். அதே கையோடு ஒரு ஓவனும் வாங்குகிறார்கள். ஏன் இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன என்று தெரியவில்லை. ஆனால் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான். அவர்களிடையே திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு, சென்னை வெயிலையும் நம் வீட்டு அடுக்களையையும் மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

பத்தாம் வகுப்போடு வரைவதை விட்டேன். இனிமேல் கை திரும்புமா?

கை திரும்பும். கண் திரும்பத்தான் நாள் பிடிக்கும். சொம்பை வரையச் சொன்னால், எதிரில் இருக்கும் சொம்பை விட்டுவிட்டு நாம் மனத்தில் வைத்திருக்கும் சொம்பைத்தான் வரைவோம். வாய் வட்டமாக இருக்கும் என்று நமக்குத் தெரியும். அதனால் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போதும் முழு வட்டம் போட்டுவிடுவோம். கண்ணுக்குத் தெரிவது நீள்வட்டம். இதை நம்பி வரையப் பழகுவதுதான் முதல் சில மாதங்களின் வேலை.

பள்ளிக் காலத்தில் ட்ராயிங் லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வு எழுதியவர்களுக்குக் கோடு விரைவில் வசப்படுகிறது. அந்தத் தேர்வுக்காகப் பார்த்துப் பார்த்துப் போட்ட கோடுகள் எங்கேயோ தங்கியிருக்கின்றன. வாசலில் தினமும் கோலம் போட்டவர்களும் அப்படித்தான். 'எனக்கு வரையவே வராது' என்று சொல்லிக்கொண்டே வருகிற பெண்மணி, புள்ளிகளுக்கு நடுவே சமமான இடைவெளி விட்டு, சிக்குக் கோலத்தைக் கையெடுக்காமல் முடிக்கிறவராக இருப்பார். அந்த மணிக்கட்டும் அந்த இடைவெளிக் கணக்கும் வகுப்பில் மற்றவர்கள் மாதக்கணக்கில் உழைத்துப் பெறுவது. அவருக்கு மிச்சம் இருப்பது, மனத்திலிருந்து போடுவதை நிறுத்தி எதிரில் இருப்பதைப் பார்ப்பது மட்டும்தான்.

முன்னுதாரணம் வேண்டுமென்றால் நிறைய இருக்கிறது. 1861இல் பிறந்த தாகூர் அறுபதுகளில்தான் ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கினார்; அவருடைய முதல் கண்காட்சி 1930இல் பாரிஸில் நடந்தது. அமெரிக்காவில் 'மோசஸ் பாட்டி' என்று பெயர் பெற்ற ஆனா மேரி ராபர்ட்சன் மோசஸ், மூட்டுவலியால் எம்பிராய்டரி ஊசியைப் பிடிக்க முடியாமல் எழுபதுகளில் பிரஷ்ஷைப் பிடித்தவர். நம் பத்திரிகை ஓவியர் கோபுலு, பக்கவாதம் வலக்கையை முடக்கியபின் இடக்கையால் வரைந்தார். இவர்களைச் சொல்வது நீங்களும் அப்படி ஆவீர்கள் என்று ஆசை காட்ட அல்ல. 'வயதாகிவிட்டது' என்பதை ஒரு காரணமாகச் சொல்ல முடியாமல் செய்யத்தான்.

தஞ்சாவூர் ஓவியமா, வாட்டர்கலரா, அக்ரிலிக்கா, எதில் சேர்வது?

தெருவுக்குத் தெரு கிடைப்பது தஞ்சாவூர் ஓவிய வகுப்பு. சில வாரங்களில் வீட்டுக்கு ஒரு கிருஷ்ணரையோ லட்சுமியையோ எடுத்துப்போகலாம் என்பதால் அதற்குக் கூட்டம் அதிகம். அந்தக் காலத்தில் பலாமரப் பலகை. இன்று பெரும்பாலும் பிளைவுட். அதன்மேல் துணியை ஒட்டி, சாக் பவுடரும் பசையும் கலந்து பூசி, தேய்த்து வழவழப்பாக்கி, வரைபடத்தை அதன்மேல் எடுப்பார்கள். பிறகு கற்களைப் பதிப்பார்கள். சாக் பவுடரையும் கோந்தையும் குழைத்து நகை, தூண், வளைவு எல்லாவற்றையும் மேடாக எழுப்புவார்கள். அதன்மேல் 22 காரட் தங்க ரேக்கு (மெல்லிய தகடு) ஒட்டி, கடைசியில் வண்ணம்.

இது அருமையான கைவேலை. நடுங்காத விரலும் பொறுமையும் கேட்கும். ஆனால் பல வகுப்புகளில் வரைபடத்தை டிரேஸ் எடுத்துத்தான் தருவார்கள். முடிவில் கையில் ஓர் அழகான படம் இருக்கும். வரையக் கற்றிருக்க மாட்டீர்கள். படம் வேண்டுமென்றால் தாராளமாகச் சேருங்கள். வரைய வேண்டுமென்றால் இது தொடங்குமிடம் அல்ல. சேருமுன் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: ரேக்கு உண்மையான தங்கமா, தங்க நிறத் தாளா? செலவில் பெரும்பங்கு அதில்தான் போகிறது. போலி ரேக்கு சில ஆண்டுகளில் கறுக்கும்.

வாட்டர்கலர் செலவு குறைந்தது, இடம் அடைக்காது. அதனாலேயே எளிது என்று நினைத்துச் சேர்ந்து மனம் நொந்து விடுகிறவர்கள் அதிகம். வெள்ளை நிறம் காகிதத்தினுடையது. ஒருமுறை மூடிவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. போதாக்குறைக்கு நம் ஊர் வானிலை. மே மாதத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால், வானத்தை ஒரு முனையிலிருந்து இழுத்து மறுமுனைக்குப் போவதற்குள் இந்த முனை காய்ந்து கோடு விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காகிதம் மணிக்கணக்காக ஈரமாகவே கிடக்கும். மின்விசிறியை நிறுத்துவதும், காகிதத்தின் பின்பக்கத்தையும் நனைத்துக்கொள்வதும் கோடைக்கு உதவும்.

அக்ரிலிக்கில் தப்பை மேலே பூசி மூடலாம். ஆயில் வண்ணத்துக்கு டர்பன்டைன் நெடி உண்டு; ஆஸ்துமா உள்ளவர்களும் ஜன்னல் இல்லாத அடுக்ககத்து அறையில் இருப்பவர்களும் யோசிக்க வேண்டும்.

என் கட்சி: முதலில் பென்சில் மட்டும். மூன்று மாதம் சொம்பு, வாழைப்பழம், செருப்பு. ஒரே பொருளைப் பத்துமுறை. வண்ணம் எங்கும் ஓடிவிடாது.

பக்கத்துத் தெரு வகுப்பில் எல்லோரும் பத்து வயதுப் பிள்ளைகள். சங்கடமாக இருக்காதா?

இருக்கும். 'தாத்தா, ரப்பர் குடுங்க' என்று கேட்டு நட்பாகிவிடுவார்கள். கொஞ்ச நாளில் சங்கடம் போய்விடும். வார நாள் காலையில் பெரியவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள்; கேட்டுப் பாருங்கள்.

உண்மையான சிக்கல் வேறு. ஆசிரியர் உங்களைவிட முப்பது வயது இளையவராக இருப்பார். 'நல்லா வந்திருக்கு மேடம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். குறை சொல்லக் கூச்சம். அல்லது, பெற்றோர் மகிழ்வதற்காகப் பிள்ளைகளின் படத்தைத் தானே முடித்துக் கொடுக்கும் பழக்கத்தில் உங்கள் படத்திலும் கை வைத்து நிழலடித்துவிடுவார். பார்க்க நன்றாக இருக்கும். அது உங்கள் படம் அல்ல. முதல் நாளே சொல்லிவிடுங்கள்: 'தவறைச் சொல்லுங்கள் சார், ஆனால் வேறு தாளில் வரைந்து காட்டுங்கள்.' இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவரிடம் தங்க வேண்டாம்.

என்னென்ன பொருள்கள் வாங்க வேண்டும்?

கடைக்காரர் காட்டும் 48 நிறப் பெட்டியை வாங்காதீர்கள். எச்பி, 2பி, 4பி பென்சில், ஒரு ரப்பர், சாதாரணத் தாள் கட்டு. இது பென்சில் காலத்துக்குப் போதும். வாட்டர்கலருக்கு வரும்போது காசைக் காகிதத்தில் போடுங்கள்: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), முடிந்தால் முழுப் பருத்தி. மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அப்பளமாக நெளியும்; குற்றம் கையினுடையது என்று நினைத்துக்கொள்வோம். 6, 10ஆம் எண்களில் இரண்டு வட்ட பிரஷ். ஆறு நிறம்: இரண்டு மஞ்சள், இரண்டு சிவப்பு, இரண்டு நீலம். பச்சையைக் கலந்து பெறத் தெரிந்தால்தான் வேப்பிலைப் பச்சையும் வாழையிலைப் பச்சையும் வேறு வேறு என்பது புரியும்.

கண் மங்கல், விரல் வலி. சமாளிக்க முடியுமா?

வாசிப்புக் கண்ணாடி ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் தூரத்துக்காகக் கொடுக்கப்படுவது. ஈசல் என்னும் படத்தாங்கியில் வைத்த படம் கைநீட்டும் தூரத்தில், 60, 70 சென்டிமீட்டரில் இருக்கும். அதனால் படத்தருகே குனிகிறோம், கழுத்து பிடித்துக்கொள்கிறது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸான புரோகிரசிவ் கண்ணாடி போட்டவர்கள் முகவாயைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். அந்தத் தூரத்தை அளந்துபோய்க் கண் மருத்துவரிடம் சொன்னால் அதற்கென்று தனிக் கண்ணாடி எழுதித் தருவார். இந்தச் செலவு பிரஷ் செலவைவிட முக்கியம்.

கண்புரை வளரும்போது லென்ஸ் மஞ்சள், பழுப்பாகி நீலத்தை மங்கச் செய்யும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1923இல் ஒரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதற்கு முந்தைய ஆண்டுகளின் ஓவியங்களில் பழுப்பும் சிவப்பும் தூக்கலாக இருப்பதைப் பார்க்கலாம். சிகிச்சைக்குப் பின் உங்கள் பழைய படங்கள் உங்களுக்கே விநோதமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

விரல் மூட்டு வலி என்றால் பென்சிலைத் துணி சுற்றிப் பருமனாக்குங்கள். பெரிய தாளில், தோளிலிருந்து கையை வீசி வரையுங்கள். ரொட்டி மாவு பிசைவதற்கும் இதே வலி தடை. அதற்குப் பிசையாமலே செய்யும் முறை இருக்கிறது. கீழே ஈஸ்ட் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

ஓடிஜி என்னும் மின் ஓவனா, மைக்ரோவேவா, குக்கரே போதுமா?

குக்கரில் மணல் அல்லது உப்பைப் பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு கேக் செய்த தலைமுறை நாம். கேக் நன்றாகவே வரும். மேற்புறம் மட்டும் சிவக்காது. பேக்கிங் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும். சாதாரண மைக்ரோவேவில் கேக் செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கன்வெக்‌ஷன் (விசிறியால் சூட்டுக் காற்றைச் சுழற்றும்) வசதி இருந்தால் சரி.

ஓடிஜி வாங்குவதென்றால், முதலில் சுவரைப் பாருங்கள். பெரும்பாலானவை 1,200 முதல் 2,000 வாட் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1,380 வாட் வரைதான். பழைய வீடுகளில் 16 ஆம்பியர் பிளக் ஃபிரிட்ஜுக்கோ கீசருக்கோதான் இருக்கும். எக்ஸ்டென்ஷன் கம்பியில் ஓவனை மாட்டுவது வேண்டாம். எலெக்ட்ரீஷியனை ஒருமுறை கூப்பிட்டுத் தனி இணைப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

அளவு பிசகாமல் போட்டும் கேக் கல் மாதிரி வருகிறதே, ஏன்?

அளவு பிசகியிருக்கிறது, உங்களுக்குத் தெரியாமல். மைதாவை லேசாக நிரப்பினால் ஒரு கப் 120, 125 கிராம். பாத்திரத்துக்குள் கப்பை விட்டு அமுக்கி எடுத்தால் 150 கிராமைத் தொடும். எடை பார்க்கும் சிறு தராசு வாங்குங்கள். பேக்கிங்கில் கைப்பதம் பேசக் கூடாது. சாம்பாருக்குக் கண்ணளவு போட்டு நாற்பது வருடம் சமைத்தவர்களுக்கு இது தன்மானப் பிரச்சினை, எனக்குத் தெரியும்.

அடுத்தது வெண்ணெய். குளிர்நாட்டுக் குறிப்புகளில் 'அறை வெப்பநிலையில் வெண்ணெய்' என்றிருக்கும். அவர்கள் அறை ஏறக்குறைய 20 டிகிரி. நம் அடுக்களை 33. ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் வெண்ணெய் உருகி ஓடும். உருகிய வெண்ணெய் காற்றைப் பிடித்துக்கொள்ளாது. காற்று இல்லாவிட்டால் கேக் எழாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கிப் பத்து நிமிடம் வைத்தால் போதும். விரல் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், பளபளப்பு வரக் கூடாது. வீட்டில் கடைந்த வெண்ணெயில் நீர் அதிகம். அதை நெய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சர்க்கரையும் பருமணி. அப்படியே போட்டால் வெண்ணெயில் கரையாது. மிக்சியில் ஒரு சுற்று விடுங்கள்.

முட்டையும் சிறிதும் பெரிதுமாக வரும். அதற்குப் பழைய வழி ஒன்று உண்டு: மூன்று முட்டையை உடைத்து எடை போடுங்கள். எவ்வளவு வருகிறதோ அவ்வளவே வெண்ணெய், அவ்வளவே சர்க்கரை, அவ்வளவே மைதா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர். இந்த ஒரு கேக்கையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். வாரத்துக்கு ஒரு புதுக் குறிப்பு என்று யூடியூபைத் துரத்துகிறவர்களுக்கு எதில் பிசகியது என்று கடைசிவரை தெரிவதில்லை. சொம்பைப் பத்துமுறை வரையச் சொன்னதும் இதற்காகத்தான்.

கடைசிச் சந்தேகம் ஓவன் மேல். திருகில் 180 என்றிருந்தால் உள்ளே 160ஆகவும் இருக்கலாம், 200ஆகவும் இருக்கலாம். உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான். உள்விசிறி ஓடும் ஓவனில், குறிப்பில் உள்ளதைவிட 20 டிகிரி குறைத்து வையுங்கள்.

ரொட்டி மாவு வெயிலில் பொங்கி வழிகிறது. ஈஸ்ட் அதிகமா?

ஈஸ்ட்டும் அதிகம், சூடும் அதிகம். மார்கழியில் விடிந்தும் பொங்காத இட்லி மாவு சித்திரையில் சாப்பாட்டு நேரத்துக்குள் பாத்திரத்தை விட்டு வெளியே வருவது நமக்குத் தெரியும். ஈஸ்ட் மாவும் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. குறிப்பில் 'ஒன்றரை மணி நேரம்' என்றிருந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். இரண்டு மடங்கு எழுந்தால் போதும். கோடையில் குளிர்ந்த தண்ணீரில் பிசையுங்கள், ஈஸ்ட்டைப் பாதியாக்குங்கள்.

விரல் வலிக்காரர்களுக்கான முறை: 400 கிராம் மைதா, 300 மில்லி குளிர்ந்த தண்ணீர், ஒன்றேகால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். கரண்டியால் கலக்கி, மூடி, ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். மறுநாள் எடுத்து உருட்டி, எழவிட்டு, ஓவனின் உச்சச் சூட்டில் சுடுங்கள். பிசையும் வேலையை நேரம் செய்துவிடும்.

முட்டை சேர்க்காத கேக்?

தயிர் கேக். ஒரு கப் கெட்டித் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரைத்து, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் சேர்த்து, நுரைத்து வரும்வரை ஐந்து நிமிடம் விடுங்கள். அரை கப் மணமில்லாத எண்ணெய், வெனிலா எசன்ஸ், ஒன்றரை கப் மைதா. 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். எண்ணெய் கேக் என்பதால் வெண்ணெய்த் தொல்லை கிடையாது. சொல்லப்போனால், சென்னை வெயிலுக்கு ஏற்றது இதுதான்.

சர்க்கரை நோய் இருக்கிறது. நாட்டுச் சர்க்கரை, கோதுமை மாவு போட்டால் சாப்பிடலாமா?

நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் இரத்தச் சர்க்கரையை வெள்ளைச் சர்க்கரை போலவேதான் ஏற்றும். ருசிக்காகப் போடுங்கள், மருந்தென்று நினைத்துப் போடாதீர்கள். கோதுமையில் நார்ச்சத்து கூடுதல், அவ்வளவே. கேக்கில் சர்க்கரையைக் கால் பங்குவரை குறைக்கலாம். அதற்குமேல் குறைத்தால் ஈரப்பதமும் மென்மையும் போய்விடும். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். சுடுவதன் இன்பம் பாதி, பிறர் சாப்பிடுவதைப் பார்ப்பது மீதி என்று ஏற்றுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள்.

இரண்டையும் ஒரே மேசையில் செய்யலாமா?

கூடாது. காட்மியம், கோபால்ட் சேர்ந்த வண்ணங்கள் வயிற்றுக்குள் போகக் கூடாதவை. பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். ரொட்டிமேல் முட்டை பூச ஒரு பிரஷ், படத்துக்கு வேறு பிரஷ். இரண்டும் ஒரே டப்பாவில் நிற்கக் கூடாது. பிரஷ் கழுவ எவர்சில்வர் டம்ளரை எடுக்காதீர்கள். அடுத்து அதில் காபி வரும். இடம் இல்லாதவர்கள் மேசைமேல் பழைய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் படத்துக்கென்றே வைத்துக்கொள்ளட்டும்.

நேரம் மட்டும் இரண்டுக்கும் அழகாகப் பொருந்துகிறது. மாவு எழும் இடைவெளியில் ஒரு பென்சில் படம் முடியும். முட்டை ஓடு வரைவதற்குக் கடினமான, நல்ல பொருள்: வெள்ளையின்மேல் வெள்ளை நிழல். டைமர் வைக்க மறக்காதீர்கள். வரையும்போது கருகல் வாசனைகூட மூக்குக்கு எட்டாது.

'இவ்வளவு நன்றாகச் செய்கிறாய், விற்கலாமே' என்கிறார்கள். விற்கலாமா?

விற்கலாம், ஆனால் முதல் வருடத்தில் வேண்டாம் என்பேன். ஆர்டர் வந்த அன்றே கேக் பிறந்தநாள் வீட்டுக்காரருடையதாகிவிடும். யூனிகார்ன் பொம்மையும் ஊதா நிற கிரீமும் கேட்பார்கள். தஞ்சாவூர்ப் படமும் அப்படித்தான்: ஒன்றைக் கல்யாணத்துக்குக் கொடுத்தால் சொந்தத்தில் அடுத்த கல்யாணங்களுக்கெல்லாம் நீங்கள்தான்.

அப்படியும் இறங்குவதென்றால் முறையாக இறங்குங்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டில் செய்து விற்பவர்களும் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு பெற வேண்டும். சிறு விற்பனையாளர் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பெட்டியில் அடைத்து விற்கும்போது முட்டை சேர்ந்த கேக்குக்குச் சைவத்துக்கான பச்சைக் குறி போடக் கூடாது. நம் நாட்டு விதியில் முட்டை அசைவக் கணக்கு, பழுப்பு முக்கோணம்தான்.

வகுப்பைத் தவிர எங்கே போய்ப் பார்க்கலாம்?

சென்னையில் இருப்பவர்களுக்குக் குறைவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடம், ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமம், கிரீம்ஸ் சாலையில் லலித்கலா அகாதெமியின் கூடங்கள். வெளியூர்க்காரர்களுக்குக் கோயில் மண்டபமே போதும். ஓவியர் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சேர்த்த வீடுகள் பல; அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்துப்போய், அவர் வரைந்த தூணையே நேரில் பார்த்து வரைந்து பாருங்கள். கருவறைப் பக்கம் போகாமல் வெளிப் பிராகாரத்தில் உட்கார்ந்தால் பெரும்பாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வகுப்புக்குக் கேக் எடுத்துப்போகலாமா?

தாராளமாக. கிரீம் தடவாத கேக்காக இருக்கட்டும். பஸ்ஸில் வெயிலோடு போகும் கிரீம் வகுப்புக்குள் நுழையும்போது கிரீமாக இருக்காது. வீட்டிலேயே துண்டு போட்டுவிடுங்கள், காகிதத் தட்டும் கொண்டுபோங்கள், முட்டை சேர்ந்ததா இல்லையா என்று டப்பாவின் மேல் எழுதி ஒட்டுங்கள். கை கழுவிவிட்டுத்தான் துண்டை எடுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்கு இருமுறை சொல்ல வேண்டியிருக்கும்.